பெயருக்கு விட்ட இடம்

ஜூன் 4

முற்றுப்புள்ளிக்கு,

இந்தப் பட்டப்பேரைப் பார்த்ததுமே உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும். கோபத்தோடாவது கடைசிவரை படி. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "சரி அண்ணி, வைக்கிறேன்" என்று முடித்துவிடுகிறாய். சின்ன வயதில் சண்டை வந்தால் "அவ்ளோதான், முடிஞ்சுது" என்று எழுந்து போய்விடுவாயாமே, உங்க அண்ணன் சும்மாவா இந்தப் பேர் வைத்தார். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. புதுக் கண் இன்னும் கோட்டை நேராகப் பிடிக்கவில்லை. ஆனால் பார், எழுதுகிறேன். இந்த வருஷத் தொடக்கத்தில் இந்தத் தாளும் மேஜையும் எனக்கு ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும். இன்று காலை எதிர் மாடியில் காய்ந்த சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்பதைப் பார்த்துவிட்டேன். உங்க அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதுக்கு நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டுவிட்டு சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மாற்றி வைத்த கருவிழி, யாரோ ஒருவர் இறந்தபோது அவர் வீட்டார் கொடுத்தது. யார் என்று சொல்ல மாட்டார்களாம். ஆனால் நன்றி சொல்லி எழுதிக் கொடுத்தால் கண் வங்கியில் இருக்கிற பெண் அதை அவர்களிடம் சேர்த்துவிடுவாள். பேர், ஊர் எதுவும் இருக்கக்கூடாது, இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்றாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கேக்மேல் எழுதுகிற இங்கிலீஷ்தான். டியர் என்று எழுதினேன். அதோடு நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் யாரைப் போடுவது, என்ன புள்ளி வைப்பது, ஒன்றும் விளங்கவில்லை.

பேக்கரியில் என் இடம் அப்படியே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வா என்கிறார் முதலாளியம்மா. எனக்குத்தான் கேக்மேல் பேர் எழுதுகிற கிரீம் கோனைக் கையில் எடுக்க மனசு வரவில்லை. கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அவர்கள் கொடுத்த கண்ணை வைத்து எப்படி வேலை பார்ப்பது? நீ ஆபீசில் நாள் முழுக்க இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறவள். கொஞ்சம் உதவி செய்.

அண்ணி

ஜூன் 12

அண்ணி,

கடிதம் கிடைத்தது. பார்வை தேறி வருவதில் மகிழ்ச்சி.

கேட்ட விவரம். டியருக்கும் பேருக்கும் நடுவில் எதுவும் வராது. பேர் முடிந்ததும் கமா. சில நாடுகளில் ஆபீஸ் கடிதமென்றால் அந்த இடத்தில் கோலன் வைப்பார்கள், மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு புள்ளி. அது விறைப்பாக இருக்கும், நன்றிக் கடிதத்துக்கு ஆகாது. எங்கள் லிஃப்ட் கம்பெனியில் இப்போது ஒன்றுமே வைப்பதில்லை, பேரோடு வரி முடிந்துவிடும். ஹாய், ஹலோ என்றால் முறைப்படி அதற்கும் பேருக்கும் நடுவில் ஒரு கமா வேண்டும். மெசேஜில் யார் வைக்கிறார்கள்? ஆச்சரியக்குறியை மட்டும் தொடவே தொடாதீர்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவது எங்கள் பிரிவின் வேலை. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிய ஒரு பெரியவருக்கு ஹலோ போட்டு ஆச்சரியக்குறி வைத்து அனுப்பிவிட்டாள். அவரிடமிருந்து வந்த பதிலில் பக்கம் நிறைய ஆச்சரியக்குறி மட்டும்தான் இருந்தது.

இதோடு முடிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை.

உங்களுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஆபரேஷன் என்பதும் தெரியாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனைத் திறந்தால், குடும்ப குரூப்பில் அண்ணன் போட்டிருக்கிறான்: "ஹாய் ஆல், ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது." யாருக்கு ஆபரேஷன்? என்ன ஆபரேஷன்? கீழே சித்தப்பா ஒரு கட்டைவிரல், ஒன்றுவிட்ட அத்தை ஒரு கும்பிடு. ஆல் என்றால் எல்லாரும், அந்த எல்லாருக்குள் நானும் ஒருத்தி. நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில், ஊரில் எல்லாரும் என்னை வாயாடி என்று சொன்னபோது, "அவ பேசட்டும், எனக்குக் கேக்கப் பிடிச்சிருக்கு" என்று சொன்னவர் நீங்கள். எனக்குத் தனியாக ஒரு வரி கிடையாதா அண்ணி? என் பேரைப் போட்டு ஒரு கமா வைக்க அவனுக்கு அவ்வளவு கஷ்டமா?

கடிதத்துக்கு மாதிரி வேண்டுமென்றால் என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு, ஆல்

ஜூன் 20

தங்கமான முற்றுப்புள்ளிக்கு,

திட்டியதற்கு நன்றி. நிஜமாகத்தான் சொல்கிறேன். "பார்வை தேறி வருவதில் மகிழ்ச்சி" என்ற வரியைப் படித்ததும் இது நீ எழுதியதுதானா என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் நீ பொரிந்து தள்ளியதைப் பார்த்தபிறகுதான் மூச்சு வந்தது.

உங்க அண்ணனை ஒன்றும் சொல்லாதே. உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவர் வாயை அடைத்தது நான். எனக்குக் கண் மங்கத் தொடங்கியபோதுதான் நீ அந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். சொல்லியிருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாய். கிளப்பவே முடியாது. அந்த மெசேஜையும் அவர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று அடித்தார், பதற்றத்தில் யாருக்கு ஆபரேஷன் என்று போடவே மறந்துவிட்டார். ஆனாலும் நீ சொல்வது நியாயம். உனக்கென்று தனியாக ஒரு வரி வந்திருக்கத்தான் வேண்டும்.

நீ கமாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் கடை ஞாபகம் வந்துவிட்டது. கேக்கில் எதற்குக் கமா என்று மற்ற கடைகளில் விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். ஹாப்பி பர்த்டே எழுதி, கோனை லேசாக அழுத்தி ஒரு சுழி சுழித்தால் கமா. எங்கள் கடை வழக்கம் உனக்குத் தெரியாது, நீ வந்தால் தின்பதோடு சரி. காலையிலேயே வாழ்த்தை எழுதி, கமா வைத்து, பேருக்கு மட்டும் இடம் விட்டு, கேக்கையெல்லாம் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவிடுவோம். ஆள் வந்து பேரைச் சொன்னதும் அந்த இடத்தில் எழுதிக் கொடுப்பேன். நான் விடுகிற இடம் எப்போதும் தாராளமாக இருக்கும். சின்னப் பேர் வந்தால் பக்கத்தில் ஒரு பூ வைத்துக்கொள்ளலாம். நீளப் பேர் வந்து கடைசி எழுத்து விளிம்பில் தொங்கினால் அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிவிடும், பார்க்கவே பாவமாக இருக்கும்.

நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். நான் கேக்மேல் பேர் எழுதுகிறவள். கண் மங்கியபோது பிழைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். இப்போது பொத்தான் இல்லாத சட்டை தெரிகிறது. உங்கள் வீட்டில் ஒருவர் இல்லாமல் போன அன்றைக்கு, முன்பின் தெரியாத என்னை நினைத்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி. இதை இங்கிலீஷில் அழாமல் எழுதிக் கொடு.

அண்ணி

ஜூலை 1

அன்புள்ள அண்ணி,

மாதிரி இதோடு வைத்திருக்கிறேன். அழாமல் எழுது என்றீர்கள். முடியவில்லை. ஆபீசில் உட்கார்ந்துதான் எழுதினேன். பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்து, "லிஃப்ட்ல யாராவது போயிட்டாங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டாள்.

நான் தினமும் எழுதுவதெல்லாம் மன்னிப்பு. வருந்துகிறோம், வருந்துகிறோம் என்று எழுதி எழுதி விரலுக்கு அது பழகிவிட்டது. நன்றி என்று மனசாரக் கடைசியாக எப்போது எழுதினேன் என்று யோசித்தால் ஞாபகமே வரவில்லை. உங்கள் சார்பில் எழுத ஆரம்பித்தேன், பாதியிலேயே அது என் கடிதமாகிவிட்டது. யாரென்றே தெரியாத அந்த வீட்டார் இல்லையென்றால், கோணல்மாணலான உங்கள் எழுத்து என் கைக்கு வந்திருக்காது. அவர்களுக்கு நானும் கடமைப்பட்டவள்.

தொடக்கம், டியர் டோனர் ஃபேமிலி, பிறகு கமா. தானம் தந்த குடும்பத்தாருக்கு என்று அர்த்தம். பேர் தெரியாதபோது இப்படித்தான் எழுதுவது வழக்கம். எதையும் மாற்றாமல் உங்கள் கையாலேயே பார்த்து எழுதிக் கொடுங்கள். அண்ணனிடம், அந்த மெசேஜுக்காக நான் இன்னும் பேசமாட்டேன் என்று சொல்லுங்கள். சாப்பிட்டானா என்றும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் முற்றுப்புள்ளி

ஜூலை 10

கண்ணுக்கு,

கண்ணு என்று உன்னைக் கூப்பிட இப்போது எனக்கு முழு உரிமை உண்டு.

கடிதம் கொடுத்தாயிற்று. நீ எழுதியதை உங்க அண்ணன் வரிக்கு வரி தமிழில் சொன்னார். நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் இவ்வளவு நன்றாகச் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதினேன். உங்க அண்ணன் பின்னால் நின்றுகொண்டு, "எஸ்ஸை விட்டுட்ட, எஸ்ஸை விட்டுட்ட" என்று உயிரை வாங்கினார். எழுதி முடித்துப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு முத்தம் கொடுத்திருப்பேன்.

முதல் வரியை மட்டும் மாற்றிவிட்டேன். கோபிக்காதே. தானம் தந்த குடும்பத்தாருக்கு என்றால், எங்கள் கடையில் அடுமனை வாடிக்கையாளர்களுக்கு என்று பலகை மாட்டுகிற மாதிரி இருக்கிறது. உன்னை ஹாய் ஆல் என்று கூப்பிட்டதற்கு நீ எங்களோடு பேச்சையே நிறுத்தினாய். பிள்ளையையோ புருஷனையோ பறிகொடுத்த ஒருவரை நான் எப்படிப் பேரில்லாமல் கூப்பிடுவது? அதனால் டியர் எழுதி, பேருக்கு நல்ல தாராளமாக இடம் விட்டு, நீ சொன்னபடி அதற்கப்புறம் கமா வைத்துவிட்டேன். எனக்குத்தான் பேர் தெரியக்கூடாது. கண் வங்கிப் பெண்ணுக்குத் தெரியுமே. என் கையை விட்டுப் போனபிறகு அவளே எழுதிக்கொள்வாள். அவர்களுக்குத் தங்கள் பேரோடு கடிதம் போய்ச் சேரும். எப்படி என் யோசனை?

திங்கட்கிழமை கடைக்குப் போகிறேன். கோனுக்குப் புது முனை வாங்கியாயிற்று.

அண்ணி

ஜூலை 15

அண்ணி,

அந்தப் பெண்ணிடம் பேரை எழுதச் சொல்லி வாய்விட்டுச் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் அவள் எழுதியிருக்கமாட்டாள். அடுத்தவர் கடிதத்தில் கை வைக்க ஆபீசில் யாருக்கும் அதிகாரம் கிடையாது, எங்களுக்கும் கிடையாது. அது வெற்று இடத்தோடு அப்படியே போயிருக்கும்.

ஒரு அம்மா அந்த உறையைப் பிரிப்பதை நினைத்துப் பாருங்கள். முதல் வரியில் ஒரு பேர் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கும். வீட்டில் ஏற்கெனவே ஒரு இடம் காலியாக இருக்கிறது. பேரைக்கூட நிரப்பாமல் எல்லாருக்கும் அனுப்புகிற தாளை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தால் என்ன செய்வது? உடனே போய்க் கேளுங்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு போன் பண்ணுங்கள், எடுக்கிறேன்.

ஜூலை 22

கண்ணுக்கு,

நேற்று போனில் என்னால் சரியாகப் பேச முடியவில்லை. நீ எடுத்ததே பெரிசு. "அண்ணி" என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்புறம் எங்கே பேச?

நடந்தது இதுதான். நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லையே, இடத்தைப் பார்த்தாலே தெரியும், அந்த நினைப்பிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நீ சொன்னபடி போய்க் கேட்டேன், கண் வங்கிப் பெண் பதறிவிட்டாள். "நீங்க வேணும்னேதான் விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். பேரு எழுதக்கூடாதுன்னு நான்தானே சொன்னேன்" என்றாள். கடிதம் அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டதாம். இன்னொரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன். "அவங்க பதில் போடுறாங்களான்னு பாப்போம். பல பேர் போடமாட்டாங்க, அவங்களுக்குத் தாங்காது" என்று சொல்லி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அதற்கப்புறம் கடைக்குப் போனேன். கோனைப் பிடித்தேன். ஹாப்பி பர்த்டே எழுதி, கமா வைத்து, இடம் விட்டேன். அந்த இடத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. முதலாளியம்மா பார்த்துவிட்டு என்னைக் கிரீம் அடிக்கிற மேஜைக்கு அனுப்பிவிட்டார். நல்ல மனுஷி. இப்போது கிரீம்தான் அடிக்கிறேன். நன்றி சொல்லப் போய் ஒரு தாயின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேனே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அண்ணி

ஜூலை 30

அன்புள்ள அண்ணி,

போன கடிதத்தில் நான் எழுதியது கொஞ்சம் அதிகம். பயத்தில் எழுதிவிட்டேன். லிஃப்டில் மாட்டியவர்களின் கோபத்தையே படித்துப் படித்து, எல்லாரும் கோபிக்கத்தான் போகிறார்கள் என்ற எண்ணம் எனக்கு ஊறிப்போய்விட்டது.

முதல் வரிக்குக் கீழேயும் கடிதம் இருக்கிறது அண்ணி. பொத்தான் இல்லாத சட்டை இருக்கிறது. முன்பின் தெரியாத என்னை நினைத்தீர்களே என்ற வரி இருக்கிறது. அதைப் படித்தவர் யாரும் இதை எல்லாருக்கும் அனுப்புகிற தாள் என்று நினைக்கமாட்டார். எனக்கு இப்போதெல்லாம் யாருக்கு மெசேஜ் அடித்தாலும் முதலில் அவர்கள் பேர், அப்புறம் கமா, அப்புறம்தான் விஷயம். அண்ணனுக்கும் அப்படித்தான் அனுப்பினேன். "பேரெல்லாம் போட்டிருக்கியே, எதுக்கு இவ்ளோ கோவம்?" என்று பதில் போட்டிருக்கிறான். இவனை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறீர்களோ.

வேளாவேளைக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுங்கள். அழுதால் மருந்து வழிந்துவிடும், அதனால் அழாதீர்கள்.

உங்கள் முற்றுப்புள்ளி

செப்டம்பர் 5

என் கண்ணுக்கு,

பதில் வந்துவிட்டது.

கண் வங்கிப் பெண் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். என் கை முழுக்கக் கிரீம், முதலாளியம்மாதான் பிரித்துக் கொடுத்தார். என்னை டியர் கேக் லேடி என்று கூப்பிட்டிருக்கிறார். பக்கத்தில் கமா வைத்திருக்கிறார், கவலைப்படாதே. கடையிலேயே எல்லாருமாகச் சேர்ந்து படித்தோம். எனக்குப் புரிந்தவரை தமிழில் எழுதுகிறேன்.

"உங்கள் கடிதத்தில் பேருக்கு ஒரு இடம் காலியாக இருந்தது. முதலில் எனக்குக் காரணம் புரியவில்லை. தாளை மேஜைமேல் வைத்துவிட்டு வேலையாக இருந்தேன். அந்த இடம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பேனாவை எடுத்து, அதில் என் மகளின் பேரை எழுதினேன். கண் அவளுடையது, அதனால் கடிதமும் அவளுக்குத்தான் என்று தோன்றியது. அவள் பேர் கொஞ்சம் நீளம். சின்ன வயதிலிருந்தே எந்தக் கட்டத்திலும் அடங்காது, கடைசி இரண்டு எழுத்தை ஓரத்தில் இடுக்கி எழுதுவாள், அதற்காக என்னைத் திட்டுவாள். நீங்கள் விட்ட இடத்தில் சரியாக அடங்கியது. எழுதிவிட்டு அவள் அறையில் உட்கார்ந்து முதலிலிருந்து உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் போனபிறகு அவள் பேருக்கு வந்ததெல்லாம் பில்லும் நோட்டீசும்தான். நன்றி சொல்லி வந்தது இது ஒன்றுதான். உங்களுக்கு நான் நன்றி சொல்கிறேன்."

அதற்குக் கீழே மகளின் பேரை எழுதியிருக்கிறார் போல. விதிப்படி அதைக் கறுப்பு மையால் அடித்துவிட்டார்கள். நீளமான கறுப்புப் பட்டை. விரலை வைத்து அளந்து பார்த்தேன். நிஜமாகவே நீளப் பேர்தான்.

உங்க அண்ணனும் அதைப் படித்தார். உடனே எதிர் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டி, அந்தச் சட்டைக்கு ஒரு பொத்தான் கொடுத்துவிட்டு வந்தார். எதற்கு என்று அவர்களுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

உனக்கு நான் எப்படி நன்றி சொல்ல. டியர் என்ற ஒரு வார்த்தையோடு நின்றுகொண்டிருந்தவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாய். நாளைக் காலையில் கோனை எடுக்கப் போகிறேன்.

அண்ணி

செப்டம்பர் 12

என் அருமை அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். லிஃப்டில் ஏறிப் படிக்கப் பயமாக இருந்தது, நடுவில் நின்றுவிட்டால் அழுத முகத்தோடு எனக்கு நானே மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

மாற்றாதீர்கள் என்று நான் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி. அந்த அம்மாவுக்கும், கட்டத்தில் அடங்காத பேரோடு இருந்த அந்தப் பெண்ணுக்கும் நன்றி. உங்களைப் பார்க்காமல் இவ்வளவு நாள் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன். இனி முடியாது. லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். அண்ணனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள். ஹாய் ஆல் என்று குரூப்பில் போட வேண்டாம், எனக்கு மட்டும் தனியாக மெசேஜ் போடச் சொல்லுங்கள்.

நேராகக் கடைக்குத்தான் வருவேன். எனக்கு ஒரு கேக் எடுத்து வையுங்கள். என்ன வாழ்த்து வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கமாவும் வைத்துவிடுங்கள். பேரை மட்டும் எழுதாதீர்கள். நான் வந்தபிறகு என் நிஜப் பேரைத்தான் எழுத வேண்டும், முற்றுப்புள்ளி என்று எழுதினால் அங்கேயே உட்கார்ந்து சத்தம் போடுவேன். நான் வரும்வரை அந்த இடம் அப்படியே இருக்கட்டும். நீங்கள் அதில் என் பேரை எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் அண்ணி.